மணல் குழம்பாகும் நொடி

நிலநடுக்கம் என்றால் கட்டடம் நொறுங்கி விழும் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன். 1964 ஜூன் மாதம் ஜப்பானின் நிகாடா நகரில் எடுக்கப்பட்ட புகைப்படங்களைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் மாறியது. அங்கே சில அடுக்குமாடிக் குடியிருப்புகள், பெரிதாக உடையாமல், முழுசாகவே சாய்ந்து கிடந்தன. பழுது கட்டடத்தில் இல்லை, அதைத் தாங்கிய மண்ணில் இருந்தது.

தளர்வாகப் படிந்த மணலில் துகள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்பதால்தான் அது எடையைத் தாங்குகிறது. இடைவெளிகளில் நீர் நிறைந்திருக்கும்போது நிலம் குலுங்கினால் துகள்கள் நெருங்கி அமர முயல்கின்றன. ஆனால் அந்தச் சில நொடிகளுக்குள் நீர் வெளியேற வழியில்லாததால் அதன் அழுத்தம் ஏறி, துகள்களின் பிடிப்பைத் தளர்த்திவிடுகிறது. அப்போது கனமான கட்டடம் அமிழ்கிறது. காலியான நிலத்தடித் தொட்டியோ மேலே மிதந்து வருகிறது. (இந்த இரண்டாவதுதான் எனக்கு இன்றும் வியப்பு.)

ஒரு வாளியில் ஈரமணலை நிரப்பி, மேலே செங்கல் ஒன்றை நிறுத்தி, பக்கவாட்டில் தட்டிப் பார்த்தேன். சிறிது நேரத்தில் மணலின் மேற்பரப்பு பளபளத்து, நீர் கசிந்து, செங்கல் ஒருக்களித்துப் புதைந்தது. தட்டுவதை நிறுத்தியதும் மணல் இறுகிக்கொண்டதால் அதைப் பிடுங்கத்தான் சிரமப்பட்டேன்.

2011 பிப்ரவரி நிலநடுக்கத்தில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத் தெருக்களில் பீறிட்டு வந்த சாம்பல்நிறச் சேறும் இவ்வாறு வெளியேறிய நீர் சுமந்துவந்த வண்டல்தான்.