மாடித்தோட்டம்: இந்த ஆடிக்கு விதை, முளைப்பு, நாற்று

ஆனி முடியும் நேரத்தில் விதை டப்பாவை வெளியே எடுத்தேன். சென்னையில் எங்கள் மொட்டை மாடிக்கு ஆடிப்பட்டம்தான் ஒத்துவருகிறது. ஆடி முதல் வாரத்தில் நாற்று விட்டால், ஐப்பசி அடைமழைக்குள் செடி திடமாகிவிடும். புரட்டாசியில் விட்டால் பிஞ்சு நாற்று மழையில் அழுகும்.

முதல் வேலை, இருக்கும் விதையில் எது உயிரோடு இருக்கிறது என்று பார்ப்பது. டிஷ்யூ தாளை நனைத்துப் பிழிந்து, ரகத்துக்குப் பத்து விதை பரப்பிச் சுருட்டி, பெயர் எழுதி, மூடிய டப்பாவில் சமையலறை மேடையில் வைத்தேன். வெண்டை நாலைந்து நாளிலேயே வேர் விட்டுவிட்டது. பத்தில் எட்டு தேறின. தக்காளி, கத்தரியும் மோசமில்லை. வெங்காய விதை சுத்தமாகக் கைவிரித்துவிட்டது. அதற்கு ஆயுளே ஒரு வருடம்தான், எதிர்பார்த்ததே. மிளகாய் பாதிதான் வந்தது, அதுவும் ரொம்பத் தாமதமாக. "பாதி முளைத்தால் இரண்டு மடங்கு போடு" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வயதான விதை முளைத்தாலும் நாற்று நோஞ்சானாகவே வருகிறது.

எனவே மிளகாயும் வெங்காயமும் புதிதாக வாங்கினேன். பாக்கெட்டில் முன்பக்கப் படத்தை நான் பார்ப்பதே இல்லை. பின்பக்கம் முளைப்புத்திறன், சோதித்த நாள், எதுவரை செல்லும் என்ற மூன்றும் இருக்க வேண்டும். சான்று விதை (அரசு சான்றளித்தது) என்றால் நீல அட்டை, உண்மைநிலை விதை (தரத்துக்கு விற்பவரே பொறுப்பேற்பது) என்றால் வெளிர்பச்சை அட்டை. சட்டப்படி தக்காளி, கத்தரிக்குக் குறைந்தது 70 சதவீதம், மிளகாய்க்கு 60 சதவீதம் முளைப்பு வேண்டும். அப்புறம் வீரிய ஒட்டு ரகமா (ஹைப்ரிட்) என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ப்பு நன்றாக இருக்கும், ஆனால் அதிலிருந்து எடுத்த விதை தாயைப் போல வராது. விதை எடுத்து வைக்கும் எண்ணம் இருப்பதால் நான் பெரியகுளம் பி.கே.எம். 1 தக்காளி, பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா வெண்டை, முள் கத்தரி என்று, விதை தாயைப் போலவே வரும் நேர் ரகங்களாகவே வைத்திருக்கிறேன். ரோஸ் நிறம் பூசிய விதை பூஞ்சைக்கொல்லி தடவியது. தொட்டால் கை கழுவ வேண்டும், மிச்சத்தைப் பறவைக்குப் போடக்கூடாது.

சேமிப்புதான் கடற்கரை ஊரில் பெரிய பாடு. விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும், வெப்பம் 5 டிகிரி குறைந்தால் மறுபடி இரட்டிப்பாகும் என்பது ஹாரிங்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் சொன்ன தோராயக் கணக்கு. நம் ஆட்கள் கணக்கில்லாமலே இதைச் செய்திருக்கிறார்கள். பாகல் விதையைச் சாணியில் பொதிந்து சுவரில் அப்புவதும், அவரையைச் சாம்பலில் புரட்டி வைப்பதும், முற்றிய பீர்க்கங்காயை அடுப்புக்கு மேல் தொங்கவிடுவதும் ஈரத்தையும் வண்டையும் விரட்டத்தான். எங்கள் ஃபிளாட்டில் சாணியும் இல்லை, புகையடுப்பும் இல்லை. நிழலில் உலர்த்துகிறேன். வீட்டில் எடுத்த பெரிய விதையைக் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் காயவில்லை. (கடையில் வாங்கிய விதையில் இந்தச் சோதனை வேண்டாம்!) பிறகு காகித உறையில் போட்டு, இறுக மூடும் கண்ணாடிப் பாட்டிலில் அடுக்கி, வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து அடியில் போடுகிறேன். பாட்டில் ஃபிரிட்ஜின் மேல்தட்டுக்குப் போகிறது. வெளியே எடுத்ததும் திறக்கக்கூடாது. ஓர் இரவு அப்படியே இருந்து அறைச் சூட்டுக்கு வர வேண்டும். இல்லையென்றால் குளிர்ந்த விதை மேல் நீர் கோத்து, இத்தனை நாள் உலர்த்தியதும் வீண்.

தக்காளிக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. விதையைச் சுற்றிய வழவழப்பு முளைப்பைத் தடுக்கும். சதையோடு இரண்டு நாள் புளிக்கவிட்டு அலசினால் அது கழன்றுவிடும். மிதப்பது பதர், அடியில் தங்குவதுதான் விதை.

விதைப்பு அவ்வளவு சிக்கலில்லை. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த குழித்தட்டில் போனது. வெண்டை, கொத்தவரை, அவரையை நேராகப் பையிலேயே ஊன்றிவிட்டேன். பாகலுக்கும் புடலைக்கும் தோல் தடிமன் என்பதால் ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். நாற்று அழுகாமல் இருக்க விதையோடு ஒரு சிட்டிகை ட்ரைக்கோடெர்மா விரிடி, அதாவது நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சை. கீரை விதையை மணலில் கலந்து தூவினேன். எறும்பு விதையைத் தூக்காமல் இருக்க ஓரத்தில் கொஞ்சம் ரவை தூவுவது வழக்கம். ரவையை இழுத்துக்கொண்டு போய்விடும், விதை பிழைக்கும்.

இப்போது நிலவரம்: வெண்டை எல்லாப் பையிலும் வந்துவிட்டது. பாகல் கொடி வீச ஆரம்பித்திருக்கிறது, இந்த வாரம் கயிறு கட்டியாக வேண்டும். தக்காளி, கத்தரி நாற்றை 25 நாளில் பிடுங்கி நடலாம். மிளகாய்க்கு 40 நாளாவது ஆகும், அதுவரை பச்சை நிழல்வலைக்கு அடியிலேயே கிடக்கட்டும். முள் கத்தரி காய்க்கும்போது நல்ல செடியாகப் பார்த்து, ஒரு காயைப் பறிக்காமல் மஞ்சளாகப் பழுக்கவிட்டு விதை எடுக்கப் போகிறேன். வீட்டில் யாரும் அதைப் பறித்துக் குழம்பில் போட்டுவிடாமல் இருக்க, காம்பில் சிவப்புத் துணி கட்டுவதாக உத்தேசம்.