பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது?

போன வாரம்வரை சரியாக ஓடிய படிவம் இன்று ஓடவில்லை. பொத்தானை அழுத்தினால் எதுவும் நடப்பதில்லை, கன்சோலிலும் பிழைச்செய்தி இல்லை. இந்த நிலையில் பலரும் சந்தேகப்படும் இடங்களிலெல்லாம் கன்சோல் லாக் போடத் தொடங்குவார்கள். புராஜெக்ட் பெரிதென்றால் அரை நாள் அதிலேயே போய்விடும். பிழை எங்கே இருக்கிறது என்று தேடும்முன், எப்போது வந்தது என்று தேடுங்கள். கோடின் மாற்றங்களை 'கமிட்' என்ற பதிவுகளாகச் சேமிக்கும் கிட் வைத்திருக்கும் எல்லோரிடமும் அதற்கான கருவி இருக்கிறது: கிட் பைசெக்ட்.

'கிட் பைசெக்ட் ஸ்டார்ட்' என்று தொடங்கி, இப்போதைய கமிட்டை 'பேட்' என்றும், உறுதியாக ஓடியது என்று தெரிந்த பழைய கமிட்டையோ டேகையோ (பெயர் சூட்டிய கமிட்) 'குட்' என்றும் குறிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவிலுள்ள கமிட்டை அது எடுத்துத் தரும். சோதித்துவிட்டு குட் அல்லது பேட் என்று சொன்னால் பாதி கழிந்துவிடும். இடையில் 1000 கமிட்டுகள் இருந்தாலும் சுமார் 10 சோதனைகள் போதும். முடிந்ததும் 'கிட் பைசெக்ட் ரீசெட்' கொடுக்க மறக்காதீர்கள். மறந்தால் டிடாச்டு ஹெட் நிலையிலேயே வேலை தொடரும். அடுத்துப் போடும் கமிட்டுகள் எந்தப் பிராஞ்சிலும் (கமிட்டுகள் வளரும் கிளை) சேராது.

இதைக் கையால் செய்வதைவிட 'பைசெக்ட் ரன்' வசம் ஒரு ஸ்கிரிப்டை ஒப்படைப்பது நல்லது. ஸ்கிரிப்ட் 0 என்ற எக்ஸிட் கோடுடன் (முடியும்போது அது திருப்பித் தரும் எண்) முடிந்தால் குட். 125 என்றால் 'இந்தக் கமிட்டைச் சோதிக்க முடியாது, தாண்டிப் போ' என்று பொருள். 1 முதல் 127 வரை மற்றதெல்லாம் பேட். 128 அல்லது அதற்கு மேல் வந்தால் தேடலே நின்றுவிடும்.

தவறுகள் நடப்பது பெரும்பாலும் இந்த ஸ்கிரிப்டில்தான். பழைய கமிட்டில் பேக்கேஜ் இன்ஸ்டால் தோற்று எக்ஸிட் கோட் 1 வந்தால், பைசெக்ட் அதைப் பேட் என்றே எடுத்துக்கொண்டு, சம்பந்தமே இல்லாத கமிட்டைக் காட்டும். ஆகவே இன்ஸ்டாலோ பில்டோ தோற்றால் 125 உடன் வெளியேறும்படி எழுதுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்ட் என்றால் 'என்பிஎம் இன்ஸ்டால்' வேண்டாம், 'என்பிஎம் சிஐ' போடுங்கள். முன்னது லாக் ஃபைலை (பேக்கேஜ் பதிப்புகளின் பட்டியல்) மாற்றக்கூடும். மாறினால் அடுத்த கமிட்டுக்குச் செக்அவுட் ஆகாமல் நின்றுபோகலாம். பிழையைப் பிடிக்கப் புதிதாக எழுதிய டெஸ்டை ரெபோவில் கமிட் செய்து வைத்தால் பழைய கமிட்டுகளில் அது இருக்காது. ஸ்கிரிப்டையும் டெஸ்டையும் ரெபோவுக்கு வெளியே வைத்துவிடுங்கள். எப்போதாவது மட்டும் தலைகாட்டும் பிழை என்றால், ஒவ்வொரு கமிட்டிலும் டெஸ்டைப் பலமுறை ஓட்டி, ஒருமுறை தோற்றாலும் பேட் என்று சொல்லவேண்டும். ஒரே ஒரு தவறான 'குட்' தேடலை முழுவதும் திசைதிருப்பிவிடும்.

இத்தனையும் செய்து கிடைத்த கமிட்டில் 40 ஃபைல்கள் மாறியிருந்தால்? தேடல் மறுபடி முதலிலிருந்துதான். கமிட்டைச் சிறிதாகப் போடச் சொல்வது வெறும் ஒழுங்குக்காக அல்ல, பின்னால் தேடுகிறவருக்காக. 'கிட் ஆட் -பி' இதற்குப் பெரிய உதவி. மாற்றங்களைத் துண்டு துண்டாகக் காட்டி, சேர்க்கலாமா என்று கேட்கும். 'எஸ்' அழுத்தினால் துண்டை இன்னும் சிறிதாக உடைக்கும். புதிய வசதி ஒரு கமிட், பெயர் மாற்றம் ஒரு கமிட் என்று பிரிப்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. பாதி உடைந்த கமிட்டுகளை மெர்ஜுக்கு முன் இன்டராக்டிவ் ரீபேஸில் (கமிட் வரலாற்றைத் திருத்தி எழுதும் வசதி) சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பைசெக்ட் அவற்றையெல்லாம் தாண்டி, 'இவற்றில் ஏதோ ஒன்று' என்று முடித்துக்கொள்ளும். எல்லாக் கமிட்டுகளையும் ஒன்றாக்கிச் சேர்க்கும் ஸ்குவாஷ் மெர்ஜ் சிறிய புல் ரிக்வெஸ்டுக்குப் பொருந்தும். பெரியதற்கு அதே 40 ஃபைல் சிக்கலைக் கொண்டுவரும்.

ஃபார்மேட்டிங் மாற்றம் எப்போதும் தனிக் கமிட். அதன் ஹாஷை (கமிட்டின் அடையாளக் குறியீடு) '.கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்' ஃபைலில் எழுதி, கிட் கான்ஃபிகில் அந்த ஃபைலைச் சுட்டினால், ஒவ்வொரு வரியும் எந்தக் கமிட்டில் வந்தது என்று சொல்லும் 'கிட் பிளேம்' அந்தக் கமிட்டைத் தாண்டி உண்மையில் வரியை எழுதிய கமிட்டைக் காட்டும். கிட் 2.23 முதல் இந்த வசதி உண்டு.

கமிட் மெசேஜில் என்ன மாறியது என்பதை டிஃப்பே சொல்லிவிடும். ஏன் மாற்றினீர்கள் என்பதை எழுதுங்கள். 'ஃபிக்ஸ்' என்ற ஒற்றைச் சொல், பைசெக்ட் காட்டும் இடத்தில் வந்து நிற்பவருக்கு எதையும் சொல்லாது.

ரீபேஸ் செய்ய அஞ்சுபவர்கள் 'கிட் ரெஃப்லாக்' பார்க்கப் பழகலாம். ரீபேஸில் காணாமல்போன கமிட்டின் ஹாஷ் அதில் இருக்கும். இயல்பு அமைப்பில் 30 நாட்கள்வரை மீட்கலாம். பகிர்ந்த பிராஞ்சில் ரீபேஸ் வேண்டாம். சொந்தப் பிராஞ்சைத் திரும்பப் புஷ் செய்யும்போதும் வெறும் 'ஃபோர்ஸ்' போடாமல் 'ஃபோர்ஸ்-வித்-லீஸ்' போடுங்கள். இடையில் வேறொருவர் புஷ் செய்திருந்தால் பெரும்பாலும் அது மறுத்துவிடும். ஒன்று மட்டும்: ஒருமுறைகூட கமிட் செய்யாத மாற்றத்தை ரெஃப்லாக்கால் மீட்க முடியாது. ரீபேஸ் தொடங்கும்முன் எல்லாவற்றையும் கமிட் செய்துவிடுங்கள்.