வெள்ளவத்தை ஒழுங்கையில் ஒரு கடலைத் தன்சல்

வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீடெடுக்கிறவர்களுக்குத் தமிழ்ச் சனத்தோடு பழக நாளெடுக்காது. சிங்கள அயலவரோடுதான் பேச்சு ‘கொஹொமத’ (எப்படி இருக்கிறீர்கள்) என்பதைத் தாண்டாது. இதை மாற்ற நினைக்கும் சங்கத் தலைவர்கள் வழக்கமாக மண்டபம் பிடித்துப் பல்லினக் கலைவிழா வைப்பார்கள். பிரமுகர் வருவார், மாலை விழும், பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் வரமாட்டார். அந்தக் காசில் பாதி போதும், வெசாக் என்ற பௌத்தப் பௌர்ணமிப் பெருநாளுக்கு ஒழுங்கையில் (சந்தில்) ஒரு கடலைத் தன்சல் போடலாம். வருவோருக்கெல்லாம் இலவசமாக உணவு கொடுக்கும் தானசாலைதான் தன்சல் ஆகியிருக்கிறது. நம் அன்னதானத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி.

முதல் வருடம் தனியாகப் போடக் கூடாது. ஒழுங்கையில் ஏற்கெனவே தன்சல் நடத்தும் பெடியளிடம் போய், தேங்காய் வெட்டவும் கோப்பை நிரப்பவும் ஆட்கள் தருகிறோம் என்று கேட்பதே நல்லது. இரண்டாம் வருடம் அவர்களே அடுப்பைத் தருவார்கள். விண்ணப்பங்களில் விசாவில் இருப்பவரின் பெயரைப் போடாமல் ஒழுங்கையின் நிரந்தரவாசி ஒருவரின் பெயரைப் போடுங்கள். முன்கூட்டியே பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பதிய வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சமைப்பவர் யார் என்று அவர் பார்ப்பார். பொலிஸுக்கும் அறிவியுங்கள், வரிசை பிரதான சாலையான காலி வீதிக்கு நீண்டால் முதலில் வருவது அவர்கள்தான். ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு மேல் கூடாது.

இனி கடலை. கடையில் கடலை என்று கேட்டால் இங்கே கொண்டைக்கடலைதான் வரும். நிலக்கடலைக்குப் பெயர் கச்சான். காய்ந்த கடலை 10 கிலோ ஊறி அவிந்தால் 20 கிலோவுக்குக் குறையாது. கோப்பைக்கு 100 கிராம் வீதம் 200 பேருக்குக் காணும். அதற்குத் தேங்காய் 12, வெங்காயம் 3 கிலோ, செத்தல் (காய்ந்த) மிளகாய் அரைக் கிலோ, கடுகு, கறிவேப்பிலை. ஆயிரம் பேர் என்றால் ஐந்தால் பெருக்கி, செத்தலை மட்டும் கொஞ்சம் குறையுங்கள், வரிசையில் பாதி சின்னப் பிள்ளைகள்.

பிழைப்பது பெரும்பாலும் ஊறவைப்பதில்தான். ஒரே பெரிய பீப்பாயில் முழுவதையும் போட்டால் மே மாதப் புழுக்கத்தில் விடிவதற்குள் நுரைத்துப் புளித்துவிடும். ஆயிரம் பேருக்கான 50 கிலோவைப் பத்துப் பன்னிரண்டு வாளிகளாகப் பிரித்து, இடையில் ஒருமுறை தண்ணீர் மாற்றி, எட்டு மணித்தியாலம் ஊறவிட்டால் போதும். புறக்கோட்டைச் சந்தையில் இரண்டு கடையில் வாங்கிக் கலந்த கடலை பாதி குழையும், பாதி கல்லாய் நிற்கும்; பழைய சரக்கு அவியாது. ஒரே கடையில் ஒரே சரக்காக எடுத்து, முதல் நாள் ஒரு பிடி அவித்துப் பார்க்க வேண்டும். தாளிக்கும்போது தாச்சிக்கு (வாணலிக்கு) 5 கிலோவுக்கு மேல் போட்டால் அடி பிடிக்கும். தேங்காய்ச் சொட்டை (துண்டுகளை) பரிமாறும் நேரத்தில்தான் கலக்க வேண்டும். முன்கூட்டியே கலந்து சூட்டோடு மூடி வைத்த வாளிதான் முதலில் நாறும்.

ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, கோப்பைகளுக்கு 2023 ஒக்டோபர் 1 முதல் தடை. காகிதக் கோப்பையே போதும், கடலையைக் கையால்தானே கொறிக்கிறோம்! உண்டியல் மட்டும் வைக்கவே வேண்டாம். காசு கேட்டால் அது தன்சல் இல்லை.

அறிவிப்புப் பலகை மும்மொழியில் இருக்கட்டும். கணினி மொழிபெயர்த்த சிங்களத்தை அப்படியே அச்சுக்குக் கொடுக்காமல் அயல் அக்கா ஒருவரை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். (அக்கா இரு மொழியிலும் அக்காதான், தம்பிதான் மல்லியாகிறார்.) அலங்காரத்தில் புத்தர் படம் போட்ட துணியோ காகிதமோ வேண்டாம், மிதிபட்டால் வம்பு. பன்சலைத் தேரரை (விகாரைப் பிக்குவை) அழைப்பதானால் அவருக்குரிய தானத்தை நண்பகலுக்கு முன் கொடுக்க வேண்டும், அதன் பின் அவர்கள் உண்பதில்லை. ஆசனத்துக்கு வெள்ளைத் துணி விரித்திருக்க வேண்டும். முஸ்லிம் வீடுகளிலும் உதவி கேளுங்கள். நோன்புக் கஞ்சி காய்ச்சிப் பழகிய கைகளுக்குப் பெரிய சட்டியின் அளவு தெரியும். மாலை மஃரிப் தொழுகை நேரத்தில் மட்டும் அவர்களுக்கு அகப்பையைக் கொடுக்காதீர்கள்.

மறுநாள் காலை ஒழுங்கையைக் கூட்ட ஆறு பேரை முன்கூட்டியே பெயர் குறித்து வையுங்கள். கோப்பைகள் வடிகானை அடைத்து முதல் மழைக்குத் தண்ணீர் நின்றால், கடலை தின்ற வீடுகளே அடுத்த வருடம் ஒழுங்கையில் தன்சல் வேண்டாம் என்பார்கள்.