ஹால் டிவிக்குப் பின்னாடி ஒரு பழைய கம்ப்யூட்டர்: கடைசில எந்த ஓஎஸ்ல வந்து நின்னேன்

மொதல்ல பொட்டி என்னன்னு சொல்லிடறேன், ஏன்னா ஓஎஸ், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டம், பத்திப் பேசுற பாதி பேரு மிஷின் என்னன்னே சொல்லாம இது நல்லது அது மோசம்னு ஆரம்பிச்சுடுறாங்க. ராமநாதபுரத்துல செகண்ட் ஹேண்ட்ல எடுத்த ஆபீஸ் டெஸ்க்டாப், குட்டி கேஸ், இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5 6500, எட்டு ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிட்டு 120 ஜிபி எஸ்எஸ்டி போட்டேன். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. டிவி 43 இன்ச் ஃபுல் ஹெச்டி. இந்த மாதிரி ஆபீஸ் மிஷின் நிறைய மாடல்ல ஹெச்டிஎம்ஐ இருக்காது, டிஸ்ப்ளேபோர்ட்டும் விஜிஏவும்தான் இருக்கும், அதப் பார்த்துப் பயப்பட வேணாம், டிஸ்ப்ளேபோர்ட்ல இருந்து ஹெச்டிஎம்ஐக்கு ஒரு சின்ன கன்வெர்ட்டர் போட்டா படம் சவுண்ட் ரெண்டும் சேந்தே போயிடும்.

எதுக்கு இதெல்லாம், டிவியே ஸ்மார்ட் டிவிதானேன்னு மச்சான் துபாய்ல இருந்து கேட்டாரு. நியாயமான கேள்விதான். ஆனா எங்க வீட்ல பார்க்குற பாதி விஷயம் எந்த ஆப்லயும் கிடைக்காது. பெரிய லாத்தா (அக்கா) கல்யாணக் கேசட்டை டிவிடியா மாத்தி வச்சிருக்கோம், அப்புறம் சொந்தக்காரங்க கல்யாணம் எல்லாம் ஃபைலா இருக்கு, காசு குடுத்து வாங்குன பட டிவிடி ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கு, மச்சான் ஐபோன்ல எடுத்து அனுப்புற புள்ளைங்க வீடியோ வேற. இதையெல்லாம் பென் டிரைவ்ல போட்டு டிவில குத்தினா ஒண்ணு சவுண்ட் வராது, இல்லைன்னா ஃபார்மேட் சப்போர்ட் இல்லைன்னு வரும். உம்மா உடனே "ஏன்டா இதுக்கா இவ்வளவு காசு"ம்பாங்க.

ஊரு கீழக்கரை. இங்க கச்சான் காத்து அடிக்குற மாசத்துல சன்னல் கம்பியத் தொட்டா கையில உப்பு ஒட்டும், கரண்டும் அடிக்கடி கண்ணாமூச்சி ஆடும். அதனால ஓஎஸ் தேர்வு பண்றதுக்கு நான் வச்சது ரெண்டே ரெண்டு கேள்வி. பாதிப் படத்துல கரண்ட் போய் திரும்ப வந்தா தானா எழுந்து நிக்குமா? நான் ஊர்ல இல்லாதப்ப வாப்பா ரிமோட்ட வச்சு ஓட்டிக்குவாங்களா? மத்த வசதியெல்லாம் இதுக்கு அப்புறந்தான்.

விண்டோஸ்ல இருந்து ஆரம்பிக்கிறேன், மிஷினோட வந்தது விண்டோஸ் 10. ஒரு காலத்துல விண்டோஸ்லயே இதுக்குன்னு மீடியா சென்டர்னு ஒண்ணு இருந்துச்சு, 2002ல எக்ஸ்பி காலத்துல வந்தது, ரிமோட்டுக்குன்னே செஞ்ச மெனு, விண்டோஸ் 10ல அதை எடுத்துட்டாங்க. இப்ப 10க்கும் 2025 அக்டோபர் 14ஓட சாதாரண சப்போர்ட் முடிஞ்சது, 11 போடலாம்னா எட்டாம் தலைமுறை ப்ராசஸரும் டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு வசதியும் கேக்குது, என்னோடது ஆறாம் தலைமுறை. சுத்து வழியில ஏத்துறவங்க இருக்காங்க, ஹால்ல மத்தவங்க பார்க்குற பொட்டில அந்த மாதிரி ஒட்டுப்போட்ட வேலை எனக்குப் பிடிக்கல. ஆனா ஒண்ணு நேர்மையா சொல்லணும், ஓடிடி எல்லாம் அதே கம்ப்யூட்டர்லதான் நல்ல குவாலிட்டில பார்க்கணும்னா விண்டோஸ்தான் வழி. காரணம் ஓஎஸ் அழகு இல்ல, பூட்டு. படத்தைத் திருடாம இருக்க ஒவ்வொரு கம்பெனியும் பூட்டு போடுறாங்க, வைட்வைன்ங்கறது அதுல ஒண்ணு, அதுல எல்1ன்னா பூட்டு ஹார்டுவேர் அளவுல இருக்கு, எல்3ன்னா வெறும் சாஃப்ட்வேர். டெஸ்க்டாப் லினக்ஸ் ப்ரௌசருக்கு எல்3தான் கிடைக்கும், அதனால பல ஆப்காரங்க அங்க உயர்ந்த குவாலிட்டிய விட மாட்டாங்க. நீங்க என்ன நெட் ஸ்பீடு வச்சிருந்தாலும் இது மாறாது.

அடுத்தது ஆண்ட்ராய்டு. ஆண்ட்ராய்டு-எக்ஸ்86னு கம்ப்யூட்டர்ல போடுற மாதிரி ஒண்ணு இருக்கு, போன்ல இருக்குற எல்லா ஆப்பும் டிவில வந்துடும்னு லாத்தா மகன் ரொம்ப ஆசைப்பட்டான், போட்டும் பார்த்தோம். அதே பூட்டுதான் இங்கயும், சர்ட்டிஃபைட் சாதனம் இல்லைன்னா எல்1 கிடையாது, படம் மங்கலா வரும், சில ஆப் இன்ஸ்டாலே ஆகாது. மெனுவும் விரலால தொடுறதுக்கு செஞ்சது, ரிமோட்டுக்கு இல்ல. சீக்கிரமே எடுத்துட்டோம்.

லினக்ஸ் மின்ட் கொஞ்ச நாள் ஓடுச்சு, அதுமேல கோடி (Kodi), ரிமோட்டால ஓட்டுற மெனுவோட படம் காட்டுற ப்ளேயர். எனக்கு மட்டும்னா அதோடயே நின்னிருப்பேன், ப்ரௌசர் இருக்கு, யூடியூப் இருக்கு, டோரன்ட் மாதிரி கண்ட ஆட்-ஆன் (கூடுதலா சேர்க்குற குட்டி ஆப்) எதுவும் தேவைப்படல. ஆனா முழு டெஸ்க்டாப்ங்கறதால ஏதாவது ஒண்ணு நடுவுல மூஞ்சிய நீட்டும், ஒருநாள் அப்டேட் இருக்குன்னு ஓரத்துல அறிவிப்பு, ஒருநாள் சவுண்ட் ஹெச்டிஎம்ஐல இருந்து ஸ்பீக்கருக்கு மாறி நிக்கும், கோடி மூடிக்கிட்டா பின்னாடி டெஸ்க்டாப் தெரியும், வாப்பா கையில இருக்குற ரிமோட்டால அங்க இருந்து வெளிய வர முடியாது, உடனே எனக்கு போன். கடையில உக்காந்துக்கிட்டு "வாப்பா அந்த அம்புக்குறிய கீழ கொண்டு போங்க"ன்னு போன்ல சொல்றது பெரிய கொடுமை.

இப்ப ஓடுறது லிப்ரெஎலெக். கோடிய மட்டும் ஓட்டுறதுக்குன்னே செதுக்குன லினக்ஸ், 2016ல ஓப்பன்எலெக்ல இருந்து பிரிஞ்சு வந்தது. (கோடியே பழைய ஆளுதான், மொத எக்ஸ்பாக்ஸுக்காக எழுத ஆரம்பிச்சது, எக்ஸ்பிஎம்சின்னு இருந்து 2014ல பேரு மாத்துனாங்க.) டெஸ்க்டாப் கிடையாது, ஆன் பண்ணா நேரா கோடி மெனுதான், வெளிய போக இடமே இல்ல. பல பேரு இதைக் குறையா சொல்வாங்க, எனக்கு இதுதான் பிடிச்சது.

எல்லாத்தையும் விட முக்கியமானது இதோட அமைப்பு. எஸ்எஸ்டில ரெண்டு பார்ட்டிஷன் போடுது. ஓஎஸ் முழுக்க ஒரே சுருக்குன ஃபைலா முதல் பார்ட்டிஷன்ல இருக்கும், அது படிக்க மட்டுந்தான், ஓடும்போது அதுல யாரும் எழுத மாட்டாங்க. நம்ம செட்டிங், பட லிஸ்ட் எல்லாம் ரெண்டாவதுல, அது எக்ஸ்ட்4ங்கற ஃபைல் சிஸ்டம், எழுதுறத முன்னாடியே குறிச்சு வைக்கிற ஜர்னல் இருக்கறதால பாதில கரண்ட் போனாலும் பெரும்பாலும் தானே சரி பண்ணிக்கும். அதாவது கரண்ட் எத்தனை தடவை போனாலும் ஓஎஸ் கெட்டுப்போறதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி. இது கூட பயாஸ்ல (ஓஎஸுக்கு முன்னாடி வர்ற மிஷினோட சொந்த மெனு) ஒரு செட்டிங், கரண்ட் திரும்ப வந்தா என்ன செய்யணும்னு இருக்கும், அதை பவர் ஆன்னு வச்சுடணும். ராத்திரி கரண்ட் வந்து மிஷின் சும்மா ஓடிக்கிட்டே இருக்குமேன்னா, கோடி செட்டிங்ல பவர் சேவிங்ல இவ்வளவு நிமிஷம் யாரும் தொடலைன்னா தானா ஆஃப் ஆகுன்னு வைக்கலாம். இன்வெர்ட்டர் இருக்குறவங்க அதுல யூபிஎஸ் மோடு இருந்தா அதுல போடுங்க, சாதாரண மோடுல மாறுற இடைவெளில ஃபேன் லைட்டுக்கு ஒண்ணும் தெரியாது, கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆயிடும்.

டவுன்லோட் பண்ணும்போது ஜெனரிக்னு ஒண்ணு, ஜெனரிக் லெகசின்னு ஒண்ணு இருக்கும். இன்டெல், ஏஎம்டி கிராஃபிக்ஸ்னா ஜெனரிக் எடுங்க, என்விடியா கார்டு இருந்தா லெகசி. பென் டிரைவ்ல எழுதி பூட் பண்ணா இன்ஸ்டால் பண்ணவான்னு கேக்கும், இன்ஸ்டால் பண்ற டிஸ்க்ல இருக்குற எல்லாத்தையும் அழிச்சுடும், அதை மட்டும் பார்த்துக்கங்க.

இனி படத்துக்கு வர்றேன், எனக்கு ரொம்ப ருசியான இடம் இதுதான். சினிமா செகண்டுக்கு 24 ஃப்ரேம், நம்ம ஊரு கேசட், டிவிடி, டிவி எல்லாம் பால் (PAL)ங்கற டிவி முறைக் கணக்கு 25 ஃப்ரேம், போன் வீடியோ 30. டிவியோ சும்மா 60 ஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 60 தடவை படம் காட்டிக்கிட்டு, நிக்கும். 60ஐ 24ஆல வகுத்தா ரெண்டரை வருது, அதனால ஒரு ஃப்ரேம் ரெண்டு தடவை அடுத்தது மூணு தடவைன்னு காட்டும், கேமரா மெதுவா பக்கவாட்டுல நகருற சீன்ல ஒரு உதறல் தெரியும். கோடில ப்ளேயர், வீடியோ செட்டிங்ல ரிஃப்ரெஷ் ரேட் மாத்துறதுக்கு ஒரு இடம் இருக்கு, அதை படம் ஆரம்பிக்கும்போது முடியும்போதுன்னு வச்சா, படத்துக்கு ஏத்த மாதிரி டிவியே 24க்கும் 50க்கும் மாறிக்கும். மாறும்போது ஒரு நொடி ஸ்கிரீன் கருப்பாகும், பயந்துடாதீங்க.

கல்யாணக் கேசட் இன்னொரு கதை. அது இன்டர்லேஸ், ஒரு ஃப்ரேமை ஒத்தப்படை வரி இரட்டைப்படை வரின்னு ரெண்டாப் பிரிச்சுப் பதிஞ்சது. அப்படியே போட்டா யாராவது கைய ஆட்டுனா விளிம்பெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி வரும். எம்பெக்-2க்கு (டிவிடி வீடியோ ஃபார்மேட்) மட்டும் ஹார்டுவேர் டீகோடிங்க (கிராஃபிக்ஸ் சிப்பே வீடியோவ விரிக்கிறது) ஆஃப் பண்ணிட்டு, படம் ஓடும்போது வர்ற வீடியோ செட்டிங்ல டீஇன்டர்லேஸ் ஆன் பண்ணி 50 ஹெர்ட்ஸ்ல விட்டதும் அவ்வளவு தெளிவு. அந்த டிவிடி குவாலிட்டிக்கு ஐ5 அசையவே அசையாது. லாத்தா வந்து பார்த்துட்டு "இது அப்பவே இவ்வளவு நல்லா எடுத்திருக்கானா"ன்னு கேட்டாங்க.

அடங்காத ஒண்ணே ஒண்ணு மச்சானோட ஐபோன் வீடியோ. இப்போதைய ஐபோன் எல்லாம் ஹெச்டிஆர்ல (வெளிச்சமும் கலரும் கூடுதலா பதியுற முறை) 10 பிட் ஹெச்இவிசியா (வீடியோவச் சுருக்குற ஒரு ஃபார்மேட்) எடுக்குது. ஆறாம் தலைமுறை இன்டெல் சிப்புல 8 பிட் ஹெச்இவிசிக்குதான் முழு ஹார்டுவேர் உதவி, 10 பிட்டுக்கு ஏழாம் தலைமுறை வேணும், அதைவிடப் புது ஃபார்மேட் ஏவி1க்கு பதினொண்ணு. அதனால 4கே ஹெச்டிஆர் வீடியோ போட்டா ப்ராசஸர் மொத்தமும் மூச்சு வாங்கும், படம் விட்டு விட்டு வரும். ஓஎஸ் எதை மாத்துனாலும் இது தீராது, சிப்புல இல்லாதத எந்த ஓஎஸும் குடுக்காது. "மச்சான், செட்டிங்ஸ்ல கேமரா, ரெக்கார்டு வீடியோ, அதுல ஹெச்டிஆர் வீடியோவ ஆஃப் பண்ணிடுங்க"ன்னு சொன்னேன், அதுக்கப்புறம் வர்றது எல்லாம் சுகமா ஓடுது. புதுசா மிஷின் எடுக்கப் போறவங்க ஓஎஸ் பாக்குறதுக்கு முன்னாடி தலைமுறையப் பாருங்க, ஏழோ எட்டோ எடுங்க.

ரிமோட். டிவி ரிமோட்டாலயே கோடிய ஓட்ட ஹெச்டிஎம்ஐ-சிஇசின்னு ஒரு வசதி உண்டு, ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டர்ல அது தானா வேலை செய்யும், சாதாரண கம்ப்யூட்டர் போர்ட்ல பெரும்பாலும் கிடையாது. அதுக்குன்னு தனி அடாப்டர் விக்குது, எனக்கு விலை கட்டுபடியாகல. யூஎஸ்பி டாங்கிளோட வர்ற ஏர் மவுஸ் ரிமோட் ஒண்ணு வாங்கினேன், அது கம்ப்யூட்டருக்கு ஒரு கீபோர்டு, அம்புக்குறி, ஓகே, பேக் எல்லாம் சொன்னபடி கேக்குது, கேக்காத பட்டனுக்கு கீமேப் எடிட்டர்னு ஆட்-ஆன் இருக்கு. ரிமோட் காணாமப் போற நாளைக்கு போனையே கோடி ரிமோட்டா மாத்துற கோரே ஆப்.

ஓடிடி டிவிலயே இருக்குற ஆப்ல பார்த்துக்குறோம். எல்லாம் ஒரே பொட்டில வரணும்ங்கிற பிடிவாதத்த விட்டதும்தான் எனக்கு ஓஎஸ் முடிவே ஆச்சு. யூடியூபும் டிவிலதான், கோடி ஆட்-ஆனுக்கு சொந்தமா ஏபிஐ கீ (கூகிள்கிட்ட வாங்குற அனுமதிக் குறியீடு) எடுக்கணும், அந்த வேலைய யாரு பாக்குறது.

உப்புக்காத்துக்கு எந்த ஓஎஸும் மருந்து இல்ல, கன்வெர்ட்டர் பின்னு பச்சையா களிம்பு பிடிக்க ஆரம்பிச்சுது, ஐசோப்ரோபைல் வச்சுத் தொடைச்சுட்டு சும்மா இருக்குற போர்ட்டுக்கெல்லாம் ரப்பர் மூடி போட்டிருக்கேன். மிஷினை சன்னல் பக்கத்துல இருந்து எடுத்து உள்சுவர் பக்கமா மாத்தியாச்சு.

அடுத்து பண்ணப் போறது சேட்டிலைட் ட்யூனர். இந்தக் கரையில 80கள்ல உயரக் கம்பு நட்டு ஆன்டனா திருப்பி இலங்கை ரூபவாஹினி பார்த்த தலைமுறை வாப்பாவோடது, சும்மா வர்ற சிக்னல்னா அவங்களுக்கு இன்னும் ஒரு இது. டிடி ஃப்ரீ டிஷ் ஜிசாட்-15ல 93.5 டிகிரி கிழக்குல இருந்து வருது, மாசச் சந்தா கிடையாது. லினக்ஸ் சப்போர்ட் இருக்குற டிவிபி-எஸ்2 (சேட்டிலைட் டிவி சிக்னல் முறை) யூஎஸ்பி ட்யூனர் ஒண்ணு கிடைச்சா லிப்ரெஎலெக்ல டிவிஹெட்எண்ட் ஆட்-ஆன் போட்டு பூட்டு இல்லாத சேனல கோடிக்குள்ளயே கொண்டு வரலாம், ரெக்கார்டும் பண்ணலாம். மாடில பழைய டிஷ் ஒண்ணு சும்மா கிடக்கு, டிஷ் முன்னாடி சிக்னல் வாங்குற எல்என்பி மட்டும் துருப்பிடிச்சுப் போச்சு, அதை மாத்தணும். யாராவது ஆறாம் தலைமுறை மிஷின்ல எந்த ட்யூனர் பிரச்னை இல்லாம ஓடுதுன்னு தெரிஞ்சா மாடல் பேரைச் சொல்லுங்க, வாங்கிப் போட்டுட்டு எழுதுறேன்.