தொழுவத்துச் சுவர் ஓணான்

காலை ஏழரை மணிக்கு எங்கள் மாட்டுத் தொழுவத்தின் கிழக்குச் சுவரில் வெயில் ஏறும். சுவரை ஒட்டி நிற்கிற உடைமரத்தின் கவட்டையில் அந்நேரம் ஓர் ஆண் ஓணான் படுத்திருக்கும். இரவுக் குளிர் விலகாத உடம்பு கரிக்கட்டை மாதிரி கறுத்திருக்கும். கறுப்புத்தான் வெயிலைச் சீக்கிரம் இழுக்கும் இல்லையா? சூடு ஏற ஏறக் கருமை கரைந்து, எட்டரைக்கெல்லாம் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். இந்த ஒரு மணி நேரத்தைத்தான் மூன்று வருடமாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் மேடான குதிரைமொழித் தேரியின் ஓரத்தில் இருக்கிறது. செம்மணல், பனை, முந்திரி, உடை. அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காகச் சென்னையை விட்டு இங்கே வந்தேன். வரும்போது கையில் ஒரு பழைய கேனான் கேமராவும் 55-250 லென்ஸும் இருந்தன. பறவை எடுக்க அந்த லென்ஸ் எட்டவில்லை. ஓணானுக்குச் சரியாக எட்டியது.

சின்ன வயதில் இந்த ஊரில் ஓணான் அடிக்காத பையன் கிடையாது. ஈர்க்கு நுனியில் சுருக்குப் போட்டுக் கழுத்தில் மாட்டி இழுப்பார்கள். ராமர் தாகம் என்று கேட்டபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரத்தைக் கொடுத்ததாம். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே கல்லை எடுப்பார்கள். தூரத்தில் இருந்தே நம் ரத்தத்தை உறிஞ்சிவிடும், அதனால்தான் தொண்டை சிவக்கிறது என்று ஆச்சி சொல்லுவாள். நானும் நம்பினேன். அடிபட்டுக் கிடந்ததைச் சுற்றி நின்று பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

தொண்டை சிவப்பது பெண்ணை அழைக்க. சித்திரை, வைகாசியில் ஆண் ஓணான் தலையும் தோளும் செக்கச்செவேல் என்று ஆகி, முன்னங்கால்களை ஊன்றித் தண்டால் எடுக்கும். இன்னொரு ஆண் அந்த வேலிப்பக்கம் வந்தாலும் இதே தண்டால்தான். நான் கிட்டே போனாலும் எடுக்கும். அப்படி எடுத்துவிட்டால் அதற்கு மேல் ஓர் அடி வைக்கக் கூடாது. அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும். அது தண்டாலை நிறுத்திவிட்டு எறும்பைப் பொறுக்கத் தொடங்கும்வரை காத்திருந்தால், பிறகு ஆறடி தூரத்தில் நம்மை ஒரு மரக்கட்டையாக நினைத்துக்கொள்ளும்.

நான் படித்துக் கற்றது குறைவு, மண்ணில் படுத்துக் கற்றது அதிகம். நின்றுகொண்டு எடுத்தால் முதுகு மட்டும்தான் விழும். அதன் கண் உயரத்துக்கு நாம் இறங்க வேண்டும். நம் நிழல் அதன் மேல் விழுந்தால் பருந்து வந்த மாதிரி ஓடிவிடும், அதனால் சூரியனையும் நிழலையும் பார்த்து இடம் பிடிக்க வேண்டும். ஃபோகஸ் எப்போதும் கண்ணில். வால் நுனி மங்கினால் பரவாயில்லை, கண் மங்கினால் படமே இல்லை.

அரணைக்கு இந்த வெயில் கணக்கு ஒத்துவராது. எண்ணெய் தேய்த்த மாதிரி மினுங்குகிற செதில், வெயிலில் எடுத்தால் வெள்ளை வெள்ளையாகத் தெறிக்கும். மேகம் மூடுகிற நேரம் வரை பொறுத்திருந்து, முருங்கை அடியில் சருகு சலசலக்கிறதா என்று பார்ப்பேன். முதல் தடவை அங்கே நான் குப்புறப் படுத்திருந்ததைப் பார்த்து ஆச்சி பதறிவிட்டாள். "ஏட்டி, அரணை கடிச்சா மரணம்னு சொல்லுவாவ, எந்திரி!" அரணைக்கு விஷமே கிடையாது. நம் நாட்டில் விஷமுள்ள பல்லியினமே கிடையாது. இதை ஆச்சியிடம் பல தடவை சொன்னேன். எண்பது வருட பயம் ஒரு நாளில் போகாது, சரி. இப்போது அரணையைக் கண்டால் விளக்குமாற்றை எடுக்காமல் என்னைக் கூப்பிடுகிறாள். அதுவே எனக்குப் பெரிது.

எனக்கு ரொம்பப் பிடித்தது, தேரி மணலில் திரிகிற ஒரு சின்ன ஓணான் வகை. விரல் நீள உடம்பு. ஆண், கல் மேல் ஏறித் தாடைக்குக் கீழே மடிந்திருக்கும் தோலை விசிறி மாதிரி விரித்து விரித்து மூடும். இந்தக் கூட்டத்தில் முதலில் பெயரிடப்பட்ட இனத்துக்கு 1829-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே புதுச்சேரியின் பெயரை வைத்தார்: சிட்டானா போண்டிசெரியானா. 2016-இல் புதிதாக அடையாளம் கண்ட ஓர் இனத்துக்கு சிட்டானா விசிரி என்று பெயர். நம் பனையோலை விசிறியேதான்! அதைப் படித்த அன்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த விசிறி விரிவது கண்மூடித் திறக்கும் நேரம்தான். 1/1000 நொடி ஷட்டர் வேகத்தில் தொடர்ச்சியாக எடுத்தும் நாற்பதில் ஒன்று தேறும்.

அடுத்த வீட்டுப் பையனுக்குப் பத்து வயது. போன வருடம் ஒரு நாள் ஈர்க்குச் சுருக்கோடுதான் தொழுவத்துப் பக்கம் வந்தான். நான் திட்டவில்லை. கேமராவில் அந்தச் செந்தொண்டையைப் பெரிதாக்கிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் தினமும் வந்தான்.

மே மாதக் கோடை மழைக்கு மறுநாள், ஒரு பெண் ஓணான் கிணற்றடி ஈர மண்ணை முன்னங்காலால் பறித்துக்கொண்டிருந்ததை முதலில் பார்த்தவன் அவன்தான். இரண்டு பேரும் தள்ளி உட்கார்ந்து பார்த்தோம். முட்டையிட்டு, மண்ணைத் தள்ளி மூடி, மூக்கால் குத்திக் குத்தி அழுத்திவிட்டுப் போனது. அதன் முகமெல்லாம் செம்மண் அப்பியிருந்த அந்தப் படம்தான் நான் எடுத்ததிலேயே எனக்கு நெருக்கமானது. யாரும் மண்வெட்டி போட்டுவிடக் கூடாது என்று அவன் நான்கு செங்கல்லைச் சுற்றி வைத்தான்.

நாற்பத்தேழாம் நாள் காலையில் ஓடிவந்தான். "அத்தை, செங்கலுக்குள்ள ஓட்டை விழுந்திருக்கு!"

கேமராவை எடுத்துக்கொண்டு போனபோது ஏழெட்டுக் குஞ்சுகள் வெளியே வந்திருந்தன. தலையில் மண் ஒட்டியிருந்தது. வாலையும் சேர்த்தால் சுண்டுவிரல் நீளம் இருக்கும். ஒன்று நேராக அவன் வெறுங்காலில் ஏறிப் பெருவிரல் மேல் நின்றுகொண்டது. நான் மண்ணில் படுத்து ஃபோகஸ் செய்து முடிக்கும்வரை அவன் காலை அசைக்கவே இல்லை.