கோட்டுக்கு வெளியே உள்ள இடம்: கொல்லைப்புற ஆடுகள நாட்குறிப்பு

12 ஜனவரி 2025, ஞாயிறு

கொல்லைப்புறத்தை அளந்து தாளில் வரைந்தாயிற்று. வடக்கு தெற்காக 22 மீட்டர், கிழக்கு மேற்காக 12 மீட்டர். நீளப் பக்கம் வடக்கு தெற்காக அமைந்தது பெரிய கொடுப்பினை. காலையில் வெயில் ஏறும் முன்பும் மாலையில் தாழ்ந்த பிறகும்தான் வீட்டார் ஆட வருவார்கள். களம் கிழக்கு மேற்காகக் கிடந்தால் ஒரு பக்கத்து ஆள் எப்போதும் சூரியனைப் பார்த்தே நிற்க வேண்டும். பந்து கண்ணில் படாத அந்த ஒரு நொடியில்தான் முகத்தில் அடி விழுகிறது.

ஆடப்போகிறவர்கள்: 6 வயது மகன், கூடைப்பந்தே உயிரான 14 வயது மகள், நானும் மனைவியும், 71 வயதில் முழங்கால் வலியோடும் விட்டுக்கொடுக்காத அப்பா, வார இறுதியில் வரும் அக்கா. அக்கா சக்கர நாற்காலியில் இருப்பவர், கை வீச்சில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரர். இவர்களில் ஒருவரை வேடிக்கை பார்க்க உட்கார வைக்கும் களம் எனக்கு வேண்டாம்.

18 ஜனவரி, சனி

இருக்கும் இடத்தில் எவ்வளவு பெரிய களம் பிடிக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். களத்தைச் சுற்றி எவ்வளவு வெற்றிடம் மிஞ்சும் என்பதுதான் என் கேள்வி. ஓடுகிற ஆள் கோட்டில் நிற்பதில்லை. கோட்டைத் தாண்டி இரண்டு மூன்று எட்டு வைத்துத்தான் நிற்கிறார். அந்த எட்டுகள் விழும் இடத்தில் சுவரோ தொட்டியோ படிக்கட்டோ இருந்தால், மேலே எத்தனை மெத்தை கட்டினாலும் அது ஆபத்தான களம்தான்.

இரட்டையர் இறகுப்பந்துக் களம் 13.40 மீட்டர் நீளம், 6.10 மீட்டர் அகலம். கெட்டி மட்டையால் பிளாஸ்டிக் பந்தை வலைக்கு மேல் அடித்தாடும் பிக்கிள்பாலின் களமும் ஏறக்குறைய அதே அளவு. அதில் வியப்பில்லை: 1965இல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில், ஒரு வீட்டின் பழைய இறகுப்பந்துக் களத்தில் பிறந்த ஆட்டம் அது. பிக்கிள்பாலுக்குக் குறைந்தது 18.3 மீட்டருக்கு 9.1 மீட்டர் மொத்த இடம் வேண்டும் என்கிறார்கள். அதாவது இரு முனையிலும் சுமார் இரண்டரை மீட்டர், பக்கங்களில் ஒன்றரை மீட்டர் காலியிடம். எங்கள் தளத்தையும் அதே கணக்கில் 18.3 மீட்டருக்கு 9.2 மீட்டர் என்று முடிவு செய்தோம். அதற்கும் மதிலுக்கும் நடுவே புல் இருக்கும்.

முழு டென்னிஸ் களம் 23.77 மீட்டர், பேச்சுக்கே இடமில்லை. ஆனால் சிறுவர்களுக்கான சிவப்புப் பந்து டென்னிஸுக்கு 11 மீட்டருக்கு ஐந்தரை மீட்டர் போதும், வலையும் 80 சென்டிமீட்டர்தான். இதே கோடுகளுக்குள் அடங்கிவிடும். அந்தப் பந்து சாதாரண டென்னிஸ் பந்தைவிட 75 சதவீதம் மெதுவானது. மகனுக்கு அதைவிட நல்ல தொடக்கம் இருக்க முடியாது.

“முழு அரைக்களமே வேண்டும்” என்று மகள் வாதாடினாள். கூடைப்பந்து அரைக்களம் என்றால் 15 மீட்டர் அகலம் வேண்டும். மதிலை நகர்த்த முடியாது என்று சொல்லி, காகிதத்தில் அவளையே வரையவிட்டேன். வரைந்து முடித்ததும் அவளே விட்டுவிட்டாள்.

26 ஜனவரி, ஞாயிறு

மண்ணைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை: தரைக்குள் போகும் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி. எங்களுடைய கழிவுநீர்க் குழாய் தென்கிழக்கு மூலையில் குறுக்கே போகிறது. அதன்மேல் கான்கிரீட் போட்டுவிட்டால் நாளை அடைப்பு வந்தால் களத்தை உடைக்க வேண்டும். ஆகவே தளம் ஒரு மீட்டர் வடக்கே நகர்ந்தது. தலைக்கு மேல் கம்பி எதுவும் இல்லை.

மேற்கு ஓரத்து மரத்தை வெட்டச் சொன்னார் மேஸ்திரி. நான் சம்மதிக்கவில்லை. மாலை வெயிலைத் தடுக்க அது வேண்டும். வேர் தளத்துக்கு அடியில் நுழையாமல் இருக்க ஆழமாக ஒரு தடுப்புத் தகடு இறக்குவோம், களத்தின் மேல் நீளும் கிளைகளை மட்டும் கழிப்போம். ஈர இலை சறுக்கும் என்பது உண்மைதான். அதற்குத் துடைப்பம் இருக்கிறது.

8 பிப்ரவரி, சனி

மேற்பரப்பு எது என்ற விவாதம் இன்று ஓய்ந்தது. புல் பார்க்க அழகு, விழுந்தால் வலிக்காது, ஆனால் பந்து எழும்பாது, அக்காவின் சக்கரம் உருளாது. பின்னிப் பொருத்தும் பிளாஸ்டிக் ஓடுகளில் மழைநீர் சட்டென வடியும், காலுக்கும் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். ஆனால் துளை போட்ட ஓட்டின்மேல் நாற்காலியைத் தள்ளிப் பார்த்த அக்கா, “முன் சக்கரம் ஒவ்வோர் ஓட்டிலும் தட்டுகிறது, தோள் வலிக்கும்” என்றார். அதோடு அது முடிந்தது.

கான்கிரீட் தளம், அதன்மேல் ரப்பர் கலந்த மெத்துப் படலம், அதற்கு மேல் நுண்மணல் கலந்த அக்ரிலிக் பூச்சு. மணல்தான் பிடிப்பைத் தருகிறது. கரணையால் கண்ணாடிபோல் இழைத்த தரையில் ஒரு தூறல் போதும், கால் வழுக்கும். அளவுக்கு மீறிய சொரசொரப்பும் கேடுதான்: ஷூ தரையைக் கவ்வி நின்றுவிட, உடம்பு திரும்ப, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். அப்பாவின் காலை நினைத்துத்தான் மெத்துப் படலத்துக்கு ஒப்புக்கொண்டேன், செலவு கூடினாலும்.

22 பிப்ரவரி, சனி

மண் வெட்டி, ஜல்லி பரப்பி, இடித்து இறுக்கியாயிற்று. தளத்தின் மூலைகளை நூல் கட்டிச் சரிபார்த்தோம். மேஸ்திரி மூலைமட்டத்தை நம்புகிறார், நான் மூலைவிட்டத்தை நம்புகிறேன். இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருந்தால் செவ்வகம் நேர். இறகுப்பந்துக் களத்துக்கு அது 14.72 மீட்டர்; கோடு போடும் நாளிலும் இதே எண் உதவும்.

வாட்டம் பற்றி நெடுநேரம் பேசினோம். நீர் தேங்கினால் பாசி, பாசி என்றால் சறுக்கல். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு போதும், 9.2 மீட்டர் அகலத்துக்கு 9 சென்டிமீட்டர். முக்கியம் என்னவென்றால், முழுத் தளமும் ஒரே பக்கமாகச் சாய வேண்டும், மேற்கிலிருந்து கிழக்கே. நடுவில் மேடாக்கி இருபுறமும் சரிப்பது சாலைக்குச் சரி, களத்துக்கு ஆகாது. சக்கர நாற்காலி கொஞ்சம் கீழ்ப்பக்கம் இழுக்கும் என்று அக்காவிடம் முன்பே சொல்லிவிட்டேன். ஆட்டத்துக்கு ஆட்டம் பக்கம் மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

1 மார்ச், சனி

10 சென்டிமீட்டர் கனத்தில் கான்கிரீட். ஏறக்குறைய 17 கன மீட்டர். விடியற்காலையில் தொடங்கியதால் வெயில் ஏறுவதற்குள் மட்டப்பலகை இழுத்து, துடைப்பத்தால் லேசாக வரித்துவிட்டார்கள்.

2 மார்ச், ஞாயிறு

காலையில் ரம்பம் வைத்து வெட்டுகள் போட்டார்கள், சுமார் 3 மீட்டருக்கு ஒன்று, இரண்டரை சென்டிமீட்டர் ஆழம். கான்கிரீட் காயும்போது சுருங்கும், எங்கேயாவது விரியத்தான் செய்யும். விரிசல் எங்கே விழ வேண்டும் என்பதை நாமே சொல்லிவிடுகிறோம். நீளவாக்கில் ஆறு சம பாகம் என்பதால் நடு வெட்டு வலைக்கு நேர் கீழே போகிறது. கால் அதிகம் படாத இடம். வெட்டுகளை நெகிழும் பசையால் நிரப்பிச் சமமாக்கச் சொல்லியிருக்கிறேன். அக்காவின் முன் சக்கரம் சிறியது.

இனி ஒரு வாரம் ஈரச் சாக்கு.

16 மார்ச், ஞாயிறு

கூடைப்பந்துக் கம்பம். தள்ளிக்கொண்டு போகும் வகையை நான் முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். அடித்தொட்டியில் நீரோ மணலோ நிரப்பினாலும், பிள்ளைகள் வளையத்தில் தொங்கினால் சாயும். எங்கள் கம்பம் தளத்துக்கு வெளியே தனி அடித்தளத்தில் நிற்கிறது, பலகை மட்டும் 1.2 மீட்டர் உள்ளே நீள்கிறது. பந்தைக் கூடையில் இட ஓடி வருகிறவருக்கு அந்த 1.2 மீட்டர்தான் நின்றுகொள்ளும் இடம். கம்பத்துக்கு ஆள் உயரம் தாண்டி மெத்தை சுற்றியிருக்கிறோம், பலகையின் கீழ் விளிம்புக்கும் அப்படியே.

வளையத்தின் உயரத்தை மாற்றலாம். முறையான உயரம் 3.05 மீட்டர், சக்கர நாற்காலிக் கூடைப்பந்திலும் அதே உயரம்தான். சர்வதேசச் சிறுவர் ஆட்டத்தில் 2.60 மீட்டர். மகனுக்கு அதற்கும் கீழே இறக்க வேண்டும். சிறுவனை 3.05 மீட்டருக்கு எறியச் சொன்னால் முதுகை வளைத்து இடுப்பிலிருந்து வீசுவான், தோளும் கெடும் ஆட்டமும் கெடும். ஆனால் இறக்கிய வளையத்தைப் பெரியவர்கள் தொட்டுத் தொங்கக் கூடாது. விரலில் மோதிரத்தோடு வளையத்தையோ வலையையோ பிடித்தால் மோதிரம் மாட்டிக்கொண்டு விரல் தோலையே உரித்துவிடும். மோதிரம் போட்டு வைக்க வாசல் அருகே ஒரு சிறு கிண்ணம் வைத்திருக்கிறேன்.

தனி எறிகோடு பலகையிலிருந்து 4.6 மீட்டரில். மூன்று புள்ளிக் கோடு வளையத்தின் நடுவிலிருந்து 6.75 மீட்டர், எங்கள் அகலத்தில் அந்த வளைவு பக்கவாட்டில் முழுதாக விழாது. நேர் எதிரே ஒரு துண்டு மட்டும் வரைவோம்.

30 மார்ச், ஞாயிறு

வீட்டுப் பக்கம் மூன்று மீட்டர் உயரத்துக்கு நைலான் வலை, சன்னல்கள் அங்கேதான். மற்ற முனையில் கம்பிவலை, வெட்டு முனைகள் வெளிப்புறம் மடக்கப்பட்டு. தூண்கள் வலைக்கு வெளியே, ஆடுபவர் மோதினால் வலையில்தான் படும். வாசல் கதவு 90 சென்டிமீட்டர் அகலம், வெளிப்பக்கம் திறக்கும், வாசற்படி கிடையாது.

பக்கத்து வீட்டாரிடம் போய்ப் பேசினேன். பிக்கிள்பாலில் கெட்டியான மட்டையில் பிளாஸ்டிக் பந்து படும் ஓசை கூர்மையானது. இரவு எட்டுக்கு மேல் நுரைப்பந்து மட்டும் என்று நானே சொன்னேன். அவர்கள் கேட்பதற்கு முன் சொல்வதுதான் முறை.

6 ஏப்ரல், ஞாயிறு

கான்கிரீட் இறுக வேண்டிய 28 நாள் கடந்துவிட்டது. பூச்சுக்கு முன் தளம் முழுவதும் நீர் பாய்ச்சி, ஒரு மணி நேரம் கழித்து நாணயத்தோடு சுற்றினோம். தேங்கிய நீர் நாணயத்தை மூடினால் அங்கே பள்ளம். வடகிழக்கில் ஓர் இடத்தில் மூடியது. சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, நிரப்பி, மறுபடி நீர் விட்டுப் பார்த்த பிறகே பூச்சுக்காரர்களை வரச் சொன்னேன். அடர் நிறம் வெயிலை உறிஞ்சிக் காலைச் சுடும். இளம்பச்சை, சுற்றிலும் வெளிர்நீலம்.

20 ஏப்ரல், ஞாயிறு

கோடுகள். வெளிக்கோடு இரண்டு ஆட்டத்துக்கும் ஒன்றே. சிக்கல் உள்ளே: இறகுப்பந்தின் முன் சர்வீஸ் கோடு வலையிலிருந்து 1.98 மீட்டர், பிக்கிள்பாலின் முன்கோடு 2.13 மீட்டர். இடையில் 15 சென்டிமீட்டர்தான். ஒரே நிறத்தில் போட்டால் ஓட்டத்தில் குழப்பம் நிச்சயம். இறகுப்பந்துக்கு வெள்ளை, மற்றதற்கு மஞ்சள்.

வலைக் கம்பம் தரையில் புதைத்த குழலுக்குள் செருகுவது. கழற்றினால் மூடி தரையோடு சமமாக உட்காரும். கால் பரப்பி நிற்கும் கம்பங்கள் தடுக்கிவிடும். உயரம் இறகுப்பந்துக்கு 1.55 மீட்டர், பிக்கிள்பாலுக்கு ஓரத்தில் 91 சென்டிமீட்டர்.

விளக்குகள் பக்கவாட்டில் மட்டும், 6 மீட்டர் உயரத்தில், கீழ்நோக்கி மறைப்புடன். முனைக்கோட்டுக்குப் பின்னால் ஒன்றுகூடக் கிடையாது, எதிராளியின் கண்ணில் அடிக்கும். ஐரோப்பியத் தரம் பொழுதுபோக்கு டென்னிஸுக்கு 200 லக்ஸ் வெளிச்சம் கேட்கிறது, அதையே வைத்தோம். மின்சாரத்துக்கு, 30 மில்லியாம்பியர் கசிந்தாலே இணைப்பை நிறுத்திவிடும் கசிவுத் துண்டிப்பான். அதைச் சோதிக்கும் பொத்தானை மகளுக்கும் காட்டிக்கொடுத்தேன்.

4 மே, ஞாயிறு

இன்று ஆறு பேரும் ஆடினோம். ஆட்டத்துக்கு முன் மூன்று விஷயங்களை அழுத்தமாகச் சொன்னேன்.

முதலாவது கண். இறகுப்பந்தின் தக்கை 25 முதல் 28 மில்லிமீட்டர் குறுக்களவு. கண்குழிக்குள் அப்படியே நுழையும் அளவு. இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டியின் 2023ஆம் ஆண்டு உலகச் சாதனை அடி மணிக்கு 565 கிலோமீட்டர். எங்கள் வேகம் அதன் பக்கத்தில்கூட வராது, ஆனால் கண்ணுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. இரட்டையரில் முன்னால் நிற்பவர் பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது. பாலிகார்பனேட் கண்ணாடி எல்லோருக்கும் உண்டு. மகன் முனகினான், அக்கா முதலில் மாட்டிக்கொண்டதும் அவனும் மாட்டினான்.

இரண்டாவது அப்பாவுக்கு. தலைக்கு மேல் போகும் பந்தைப் பார்த்தபடியே பின்னோக்கி ஓடக் கூடாது. முதியவர்கள் மல்லாந்து விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொள்வது அப்படித்தான். உடலைத் திருப்பி ஓட வேண்டும், இல்லையேல் புள்ளியை விட்டுவிட வேண்டும். “ஒரு புள்ளிதானே” என்றார் அப்பா, மனமில்லாமல்.

மூன்றாவது, கோட்டுக்கு வெளியே ஒரு பொருளும் இருக்கக் கூடாது. தண்ணீர்ப் புட்டி, பை, மிதிவண்டி, நாற்காலி எல்லாம் வேலி வலைக்கு அந்தப் பக்கம். தரையில் கிடக்கும் பந்து எடுக்கப்படும் வரை ஆட்டம் நிற்கும்.

அக்காவுக்குப் பந்து இரண்டு முறை தரையில் எழும்பலாம் என்பது சக்கர நாற்காலி டென்னிஸ் விதி, பிக்கிள்பாலிலும் உண்டு. அவரும் மகளும் ஒரு பக்கம், நானும் மனைவியும் மறுபக்கம். தோற்றோம். மகள் பின்னோக்கி வந்த ஒரு பந்தில் முனைக்கோட்டைத் தாண்டி இரண்டு மீட்டர் ஓடி நின்றாள். வேலி வலை இன்னும் ஓர் எட்டு தள்ளியே இருந்தது.

மாதத்தில் முதல் ஞாயிறு: கம்ப மெத்தையின் கட்டு, வளையத்தின் திருகாணிகள், வலையின் கிழிசல், கிழக்கு ஓர வடிகால். பட்டியலைக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன், அடுத்த முறை மகளின் பொறுப்பு.