விசாரணைக்கு வராத வழக்குகள்

நியூஜெர்சியில், குற்ற வழக்குகளை மட்டும் நடத்தும் ஒரு சிறிய வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பாராலீகல் என்று இங்கே சொல்லும் சட்ட உதவியாளர் பணி. வாதாடுவது என் வேலை அல்ல. கோப்புகளைப் படிப்பது, சம்பவங்களைத் தேதிவாரியாக அடுக்குவது, கட்சிக்காரரின் குடும்பத்தாரிடம் பேசுவது ஆகியவை என் பொறுப்பு. மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் ஜூனியராக இருந்துவிட்டு வந்தவள் என்பதால், தமிழ்க் குடும்பம் எது வந்தாலும் என் மேசைக்குத்தான் அனுப்புவார்கள்.

வருகிறவர்கள் ஊர்ப் பழக்கத்தில்தான் கேட்கிறார்கள். முன்ஜாமீன் வாங்க முடியாதா, எஃப்.ஐ.ஆர். நகல் கிடைக்குமா, எத்தனை வாய்தா வாங்கலாம்? அமெரிக்க மத்திய அரசு தொடுக்கும் ஃபெடரல் வழக்கு அந்தப் பாதையில் போவதில்லை. முன்ஜாமீன் என்ற ஏற்பாடே இங்கு கிடையாது. அதிகாரிகள் கைது செய்ய வரும்போது பெரும்பாலும் மாதக்கணக்கில், சில வழக்குகளில் வருடக்கணக்கில் விசாரித்து முடித்திருப்பார்கள். வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் அவர்கள் கையில் இருக்கும். பெருங்குற்றம் என்றால் கிராண்ட் ஜூரியின் ஒப்புதல் வேண்டும். 16 முதல் 23 குடிமக்கள் மூடிய அறையில் உட்கார்ந்து அரசுத் தரப்பை மட்டும் கேட்பார்கள். குற்றம் சாட்டப்படுபவரின் வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை. 12 பேர் சரி என்றால் குற்றப்பத்திரிகை தயார்.

ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவின் முன் அனல் பறக்கும் குறுக்கு விசாரணை நடக்கும், அதில் உண்மை வெளியே வரும் என்று குடும்பங்கள் காத்திருக்கின்றன. ஆனால் ஃபெடரல் நீதிமன்றங்களில் பத்தில் ஒன்பது பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். ஜூரி விசாரணைக்குப் போகிறவர்கள் மிகச் சிலரே. ஆகவே தற்காப்பு என்பது வேறு இடங்களில் நடக்கிறது. வீட்டு வாசலில், ஜாமீன் மனுவில், கணக்குத் தாள்களில், தண்டனைக்கு முந்தைய அறிக்கையில். அந்த இடங்கள் எவை என்று தெரியாமல் அவற்றைக் கடந்துபோகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் பதறுகிறது.

முதலில் வாசல். விடியற்காலையில் இரண்டு அதிகாரிகள் கதவைத் தட்டி, சில சந்தேகங்களைக் கேட்டுவிட்டுப் போகிறோம் என்கிறார்கள். நம்மவர்கள் உள்ளே அழைத்து, உட்காரவைத்து, காபி கொடுத்துப் பேசுகிறார்கள். மறைக்க எதுவும் இல்லை என்று காட்டத்தான் பேசுகிறார்கள். சத்தியப்பிரமாணம் எதுவும் இல்லாமலே ஃபெடரல் அதிகாரியிடம் முக்கியமான விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னால் அதுவே தனிக் குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை. தொலைக்காட்சிப் பிரபலமும் தொழிலதிபருமான மார்த்தா ஸ்டூவர்ட் 2004-இல் தண்டிக்கப்பட்டது உள்வணிகத்துக்காக, அதாவது ரகசியத் தகவலை வைத்துப் பங்குகளை விற்றதற்காக, அல்ல. விசாரணையில் பொய் சொன்னதும் விசாரணையைத் தடுத்ததும்தான் அவரைச் சிறைக்கு அனுப்பின. பயத்தில் ஒரு தேதியை மாற்றிச் சொல்லிவிட்டு, அதைச் சரிக்கட்ட இன்னொன்று சொல்லிச் சிக்கிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். வழக்கறிஞர் வந்த பிறகு பேசுகிறேன் என்று பணிவாகச் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது.

அதோடு சேர்ந்து வருவது வாட்ஸ்அப். பழைய மெசேஜ்களை அழித்துவிடட்டுமா என்று மைத்துனர்களும் நண்பர்களும் நல்லெண்ணத்தில் கேட்பார்கள். விசாரணையைத் தடுக்கும் நோக்கத்தில் ஆவணத்தை அழித்தால் 20 ஆண்டு வரை தண்டனை உண்டு. மூல வழக்கை விடப் பெரிய வழக்கை அந்த ஒரு விரல் உண்டாக்கிவிடும். சிறையிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகள் பதிவாகின்றன. தமிழில் பேசினால் யாருக்குப் புரியும் என்ற நம்பிக்கையை நான் முதல் நாளே உடைத்துவிடுவேன். அரசுத் தரப்பு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தும். வழக்கைப் பற்றிய வரிகள் அச்சாகி நீதிமன்றத்துக்கு வரும்.

அடுத்தது ஜாமீன். கைதானவரை மாஜிஸ்திரேட் நீதிபதி முன் கொண்டுவருவார்கள். 1984-ஆம் ஆண்டின் ஜாமீன் சட்டப்படி, அவர் ஓடிவிடுவாரா, வெளியே விட்டால் யாருக்காவது ஆபத்தா என்பவைதான் கேள்விகள். காவலில் வைக்க வேண்டும் என்று கோரும் அரசுத் தரப்பு, அதற்குத் தயாராக மூன்று நாள் வரை அவகாசம் கேட்கலாம். பெற்றோர் இந்தியாவில், சேமிப்பில் பாதி அங்கே, கையில் பாஸ்போர்ட் என்றால் ஓடிவிடுவார் என்று சொல்வது எளிது. எதிர்வாதத்துக்கு எங்களுக்கு ஆட்கள் தேவை. அவர் வராவிட்டால் நாங்கள் பணம் கட்டுகிறோம் என்று கையெழுத்துப் போடும் உறவினரோ நண்பரோ வேண்டும். உள்ளே இருப்பவரோ, மாமனாருக்குத் தெரியக்கூடாது, அலுவலகத்தில் யாருக்கும் சொல்லாதீர்கள் என்று மன்றாடுகிறார். மானத்தைக் காப்பதா, வீட்டுக்குப் போவதா என்று கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்த ஒருவரை மறக்க முடியவில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டார். நான் அழைத்ததும் மாமனார் கேட்ட ஒரே கேள்வி, எங்கே வர வேண்டும் என்பதுதான்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வசதி இல்லாதவருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் தர 1964-இல் சட்டம் வந்தது. இலவச வக்கீல் என்றால் நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நகையை விற்று, பத்திரப்பதிவும் விவாகரத்தும் பார்க்கும் தெரிந்த வக்கீலிடம் போகிறார்கள். ஃபெடரல் குற்ற வழக்குகளையே நாள்தோறும் நடத்தும் அந்தப் பொதுத் தற்காப்பு வழக்கறிஞர்களில் பலர் இத்துறையின் ஆகச் சிறந்தவர்கள். அவர்களைக் கண்டு நான் வியந்திருக்கிறேன்.

பிறகு காகிதம். அரசுத் தரப்பின் ஆதாரங்கள் ஹார்ட் டிரைவில் வரும். கட்சிக்காரருக்குச் சாதகமானதை மறைக்கக்கூடாது என்பது 1963-இல் பிரேடி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி. ஆனால் தந்ததற்குள் அது எங்கே கிடக்கிறது என்று தேடுவது எங்கள் பாடு. மோசடி வழக்கில் நஷ்டத் தொகை ஏற ஏறத் தண்டனையும் ஏறும். ஒரு வழக்கில் அரசின் பட்டியலை வரிவரியாகச் சரிபார்த்தபோது, உண்மையிலேயே வேலை நடந்து, பொருள் போய்ச் சேர்ந்த இன்வாய்ஸ்களும் மோசடிக் கணக்கில் சேர்ந்திருந்தன. கிடங்கின் ரசீதுகளைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக நீக்கினோம். யாரும் குரல் உயர்த்தவில்லை. அரசு வழக்கறிஞர் தாள்களைப் பார்த்துவிட்டுத் தொகையைக் குறைக்கச் சம்மதித்தார்.

ஜூரி விசாரணைக்குப் போகவே கூடாதா? போகலாம், போக வேண்டிய வழக்குகளும் உண்டு. கொழும்பில் பிறந்த தமிழரும் முதலீட்டு நிதி அதிபருமான ராஜ் ராஜரத்தினம் 2011-இல் உள்வணிக வழக்கில் மன்ஹாட்டன் நீதிமன்றத்தில் ஜூரியைச் சந்தித்தார். ஒட்டுக்கேட்ட தொலைபேசி உரையாடல்களை ஜூரி கேட்டது. 14 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று தீர்ப்பானது, 11 ஆண்டு தண்டனை. விசாரணை அவரது உரிமை, யாரும் குறை சொல்ல முடியாது. போவதா ஒப்புக்கொள்வதா என்ற முடிவு கட்சிக்காரருக்கு மட்டுமே உரியது. வழக்கறிஞருக்கோ மனைவிக்கோ அண்ணனுக்கோ அதில் உரிமை இல்லை. அவர் விளைவு தெரிந்து முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் நாங்கள் இரவு வரை உட்கார்ந்து விளக்குகிறோம்.

எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவருக்கு விளைவு சிறையோடு நிற்பதில்லை. மோசடியில் நஷ்டம் 10,000 டாலரைத் தாண்டினால் நாடு கடத்தல் ஏறக்குறைய உறுதி. இதைக் கட்சிக்காரருக்குச் சொல்ல வேண்டியது வழக்கறிஞரின் கடமை என்று 2010-இல் பாடில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எத்தனை மாதம் என்றுதான் குடும்பம் கேட்கும். குற்றத்தை ஒப்புக்கொள்ள அரசுத் தரப்போடு செய்யும் ஒப்பந்தத்தில் என்ன நஷ்டத் தொகை எழுதியிருக்கிறது என்பதையும் அதே அளவு கவலையோடு கேட்க வேண்டும்.

ஒப்புக்கொள்ளும் நாளில் நீதிபதி நீண்ட கேள்விகள் கேட்பார். வயது என்ன, எதுவரை படித்தீர்கள், மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா, யாராவது மிரட்டினார்களா, ஜூரி விசாரணை உரிமையை விட்டுக்கொடுப்பது புரிகிறதா? நம்மவர்கள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவார்கள். நம் ஊர்த் தலையாட்டல் இங்கே ஆமாம் போலவும் தெரியாது, இல்லை போலவும் தெரியாது. பதிவாளர் தட்டச்சிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார், நீதிபதி வாய்விட்டுச் சொல்லுங்கள் என்பார். முந்தைய நாளே கேள்விகளை வாசித்துக் காட்டி, புரியாத இடத்தில் புரியவில்லை என்று உரக்கச் சொல்லுங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன்.

தண்டனைக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. குற்றத்தின் கடுமைக்கு 43 வரிசைகள், முந்தைய குற்றப் பின்னணிக்கு 6 பத்திகள். முதல் பத்தியில் 20-ஆம் வரிசை என்றால் 33 முதல் 41 மாதம். பொறுப்பை ஏற்றுச் சீக்கிரமே ஒப்புக்கொண்டால் மூன்று படி இறங்கி 24 முதல் 30. முன்பு எந்தக் குற்றமும் இல்லாதவர்களில் தகுதியுள்ளோருக்கு 2023 முதல் இன்னும் இரண்டு படி. 18 முதல் 24. 2005-இல் உச்ச நீதிமன்றம் தந்த புக்கர் தீர்ப்புக்குப் பின் இந்த எண்கள் நீதிபதியைக் கட்டுப்படுத்துவதில்லை. அதற்கும் கீழே போக அவருக்குக் காரணம் வேண்டும்.

அந்தக் காரணத்தைத் தேடுவதுதான் என் வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. நன்னடத்தை அதிகாரி கட்சிக்காரரைச் சந்தித்து, பிறந்ததிலிருந்து அவர் வாழ்க்கையைத் தண்டனைக்கு முந்தைய அறிக்கையாக எழுதுவார். கூடவே நாங்கள் தெரிந்தவர்களிடம் கடிதம் கேட்போம். பெரும்பாலானவை ஒரே வார்ப்பில் வரும்: நல்லவர், பண்பாளர், கோயில் பணிகளில் முன்னிற்பவர். குற்றத்தை அவரே ஒப்புக்கொண்ட பிறகு, இவர் நிரபராதி என்று எழுதி அனுப்புகிறவர்களும் உண்டு; அவற்றை எடுத்துவைத்துவிடுவோம். ஒருமுறை பக்கத்து வீட்டு மூதாட்டி கோடு போட்ட தாளில் எழுதியிருந்தார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு இவர்தான் காரில் கூட்டிப்போனார், பனி கொட்டிய நாளில் முதலில் என் வீட்டுப் படியைச் சுரண்டிவிட்டுத்தான் தன் காரை எடுத்தார், இவர் செய்த தப்பும் எனக்குத் தெரியும். அவ்வளவுதான் கடிதம். நீதிபதி அதை நீதிமன்றத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்.

அந்தக் கட்சிக்காரருக்கு விதிக்கப்பட்டது 12 மாதமும் ஒரு நாளும். அந்த ஒரு நாளைக் கேட்டது எங்கள் வழக்கறிஞர்தான் என்று தெரிந்ததும் மனைவி திகைத்துப்போனார். ஃபெடரல் சிறையில் பரோல் கிடையாது. ஓராண்டுக்கு மேற்பட்ட தண்டனைக்குத்தான் நன்னடத்தைக் கழிவு உண்டு, ஆண்டுக்கு 54 நாள் வரை. சரியாக 12 மாதம் என்றால் அது கிடைக்காது. வராந்தாவில் உட்கார்ந்து அவருக்கு எழுதிக் காட்டினேன்: 366-இல் 54 போனால் 312. மாமியாருக்கு அனுப்ப வேண்டும் என்று அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.